சில நாள் ஊழியமும் பிள்ளைகளும்

கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி 1979-இல் வீழ்ந்தது. அந்த ஆட்சியில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் 2005-க்குள் வளர்ந்து, மணமுடித்து, தாங்களே பெற்றோராகிவிட்டார்கள். போர் ஓய்ந்திருந்தது. வறுமையும் மெல்லத் தணிந்துகொண்டிருந்தது. அனாதை இல்லங்கள் குறைந்திருக்க வேண்டிய காலம் அது. ஆனால் 2005-இல் 154 ஆக இருந்த இல்லங்கள் 2010-இல் 269 ஆகப் பெருகின. அவற்றில் தங்கியிருந்த பிள்ளைகள் 6,254 பேரிலிருந்து 11,945 பேராக உயர்ந்தார்கள். அந்த 269 இல்லங்களில் அரசு நடத்தியவை 21 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டு நன்கொடையை நம்பி நடந்தன; கிறிஸ்தவ இல்லங்கள் அவற்றில் ஏராளம். இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். கம்போடிய அரசும் யுனிசெஃப்பும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இவை அனைத்தும் பதிவாகியுள்ளன.

வெளிநாட்டுச் சபைகளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் என்று வந்து பிள்ளைகளுக்கு ஊழியம் செய்துவிட்டுத் திரும்பும் பயணங்களைப் பற்றிய வாதம் வழக்கமாகப் போகிறவரைச் சுற்றியே நடக்கிறது. அவருடைய நோக்கம் தூயதா, அவர் விசுவாசத்தில் வளர்ந்தாரா, செலவழித்த பணம் தகுமா என்று பேசி முடித்துவிடுகிறோம். பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் கேள்வியே வேறாகிறது. இவர்கள் வந்து போனதால் அந்தப் பிள்ளைக்குத் தன் தாயோடும், தன் ஆசிரியரோடும், தன் ஊர்ச் சபையோடும் இருந்த உறவு பலப்பட்டதா, தளர்ந்ததா? கடந்த இருபது ஆண்டுகளில் திரண்டிருக்கும் சான்றுகளை இந்த ஒரு கேள்வியோடு படித்தால் அவை குழப்பமில்லாமல் பேசுகின்றன என்பது என் துணிபு.

குறுகிய கால மிஷன் பயணம் பழைய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரி கப்பலேறினால் திரும்புவாரா என்பதே நிச்சயமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானப் பயணம் பெருகியபோதுதான் கோடை விடுமுறையில் போய்வரும் ஊழியம் கைகூடியது. ஜார்ஜ் வெர்வர் 1957-இல் நண்பர்களோடு மெக்சிகோவுக்குச் சுவிசேஷப் புத்தகங்களைக் கொண்டுபோனதிலிருந்து ஆப்பரேஷன் மொபிலைசேஷன் பிறந்தது. லோரன் கன்னிங்ஹாம் 1960-இல் 'யூத் வித் எ மிஷன்' இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு 'பீஸ் கோர்' என்னும் தன்னார்வச் சேவை அமைப்பை நிறுவியது. இளைஞரைக் கடல் கடந்து சேவைக்கு அனுப்பும் எண்ணம் காலத்தின் காற்றிலேயே இருந்தது. 2009-இல் வெளிவந்த நூலொன்றில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ, ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கர் இப்படி வெளிநாடு போய்வருவதாக மதிப்பிட்டார். தென்கொரியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் போகிறவர்கள் அந்தக் கணக்குக்கு வெளியே.

போகிறவர்களில் பலர் பதின்பருவத்தினர், இருபதுகளில் இருப்பவர்கள். போகும் ஊரின் மொழி தெரியாது, கையில் தொழிலும் இல்லை. அந்த வயதில் அது குற்றமில்லை. அத்தகைய ஒருவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லாச் சபைகளும் கண்ட விடை ஒன்றே: பிள்ளைகளோடு விடுவது. பெரியவர்களோடு பேச மொழி வேண்டும். பிள்ளையோடு பந்து விளையாடவும், பாட்டுக்குக் கைதட்டவும், மடியில் வைத்துக்கொள்ளவும் மொழி தேவையில்லை என்று எண்ணிவிடுகிறோம். இப்படித்தான் ஒரு சமுதாயத்தில் மிகவும் கவனமாகக் கையாளப்பட வேண்டியவர்கள், மிகக் குறைந்த பயிற்சி உள்ளவர்களின் பொறுப்பில் வந்து சேர்கிறார்கள். சொந்த ஊரில் பின்னணி விசாரிக்காமல் யாரையும் ஓய்வுநாள் பள்ளி வகுப்புக்குள் விடாத சபை, அயல்நாட்டு இல்லத்தில் தன் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கிறது, யாருடைய பிள்ளைகளைத் தூக்குகிறது என்று கேட்பதில்லை.

அனாதை இல்லப் பயணம் இந்த ஊழியத்தின் மையம். அது எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிராமத்தில் ஒரு தாய், மூன்று பிள்ளைகள், பள்ளிக்கு அனுப்ப வழியில்லை. நகரத்திலிருந்து ஒருவர் வருகிறார். 'எங்கள் இல்லத்தில் சாப்பாடு, உடை, பள்ளிக்கூடம், ஆங்கிலம் எல்லாம் உண்டு; விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்புவோம்' என்கிறார். எந்தத் தாய் மறுப்பாள்? கம்போடிய ஆய்வில் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியதற்குச் சொன்ன முதன்மையான காரணம் கல்விதான். இல்லத்துக்கு வரும் விருந்தினர்கள் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகள் இருந்தால்தான் காணிக்கை வரும். எனவே படுக்கைகள் நிரம்பியிருக்க வேண்டும். குடும்பத்தைக் கையில் பிடித்து நிறுத்தப் போதுமான தொகை, குடும்பத்தைப் பிரித்த பிறகே அந்தப் பிள்ளையைத் தேடி வருகிறது. இதைத் திட்டமிட்டுச் செய்யும் மோசக்காரர்கள் உண்டு. ஆனால் மோசக்காரர் ஒருவர்கூட இல்லாத, பக்தியுள்ள மனிதர்கள் நடத்தும் இல்லத்திலும் பணம் இதே திசையில்தான் இழுக்கும் என்பதே கவலைக்குரியது.

நேபாளத்தில் இது இன்னும் கொடிய வடிவம் எடுத்தது. 1996 முதல் 2006 வரை நீண்ட உள்நாட்டுப் போரில், ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களின் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் காத்மாண்டுவில் படிக்கவைப்பதாகச் சொல்லித் தரகர்கள் அழைத்துப் போனார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் பெற்றோர் இறந்துவிட்டதாகக் காட்டும் பொய்த் தாள்களோடு இல்லங்களில் வைக்கப்பட்டார்கள். நாட்டின் இல்லங்களில் பெரும்பங்கு வெளிநாட்டார் புழங்கும் காத்மாண்டு, பொக்காரா, சித்வன் பகுதிகளிலேயே குவிந்தது தற்செயலன்று.

உலகில் 14 கோடி அனாதைகள் என்ற எண்ணிக்கை சபை அறிவிப்புகளில் அடிக்கடி வரும். யுனிசெஃப் 2015-க்குத் தந்த மதிப்பீடு அது. தாய் தந்தையரில் ஒருவரை இழந்தவர்களையும் சேர்த்த கணக்கு. இருவரையும் இழந்தவர்கள் 1.51 கோடி. அவர்களிலும் பெரும்பாலோர் பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ வளர்கிறார்கள். யாக்கோபு நிருபம் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. பிள்ளையோடு விதவையும் அங்கே இருக்கிறாள். பிள்ளைக்குக் கட்டிடம் கட்டிக் கொடுத்துவிட்டுத் தாயைக் கிராமத்திலேயே விட்டுவிடும் ஊழியம் அந்த வசனத்தின் பாதியை மட்டும் படித்திருக்கிறது.

இனி, இல்லத்துக்கு வந்து போகும் அன்பு. ஒரு வாரம் முழுக்கத் தூக்கிவைத்துக் கொஞ்சியவர் கடைசி நாளன்று கண்ணீரோடு பேருந்தில் ஏறுகிறார். அடுத்த மாதம் வேறொரு குழு வருகிறது. கைக்குழந்தைக்கும் சிறு பிள்ளைக்கும் தன்னைவிட்டுப் போகாத ஒரு பெரியவர் வேண்டும் என்பது, தாய்-சேய்ப் பிணைப்பை ஆராய்ந்த ஜான் பௌல்பியின் காலம் முதல் உளவியலாளர் அறிந்தது. ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி 1989-இல் கவிழ்ந்தபோது உலகம் அந்நாட்டு இல்லங்களின் நிலையைக் கண்டது. பின்னர் புக்கரெஸ்டில் 136 சிறு குழந்தைகளை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய நீண்ட ஆய்வில், பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியும் மனப்பிணைப்பும் இல்லத்தில் தங்கியவர்களைவிட மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் அந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் லிண்டா ரிக்டர் 2010-இல் ஏமி நார்மனோடு எழுதிய கட்டுரை, இல்லங்களுக்கு வந்து போகும் தன்னார்வலர்களை நேரடியாகவே எடுத்துக்கொண்டது: ஏற்கெனவே பிரிவைச் சுமக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு விடைபெறலும் இன்னொரு கைவிடல்.

முன்பின் தெரியாதவர் காலையும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து, 'எவ்வளவு பாசம்!' என்று நெகிழ்கிறோம். யார் தன்னவர் என்று தெரிந்த பிள்ளை புதியவரைக் கண்டால் முதலில் தாயின் பின்னால் ஒளியும். நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான். எவரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்வது, இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட காயத்தின் அடையாளம். அதை ஊழியத்தின் பலனாகப் புகைப்படம் எடுத்து அறிக்கையில் சேர்ப்பதைப் போல என் மனத்தை வருத்துவது வேறில்லை.

இன்னும் இருண்ட பகுதி ஒன்றுண்டு, அதைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். பக்தியுள்ள கிறிஸ்தவராகக் காட்டிக்கொண்டு மலேசியாவின் ஏழைக் குடும்பங்களுக்குள் புகுந்த ஆங்கிலேயர் ஒருவர், பிள்ளைகளுக்கு இழைத்த 71 பாலியல் குற்றங்களை ஒப்புக்கொண்டு 2016-இல் லண்டன் நீதிமன்றத்தில் 22 ஆயுள் தண்டனைகள் பெற்றார். அதே ஆண்டு, நைரோபி இல்லமொன்றில் ஊழியம் செய்யப் போன அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு ஓக்லஹோமாவில் 40 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. போகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட இப்படிப்பட்டவராக இருக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் கதவு திறந்திருக்கும் இடத்தைத் தேடி வருகிறவர் அந்த ஒருவர்தான். பிள்ளையோடு எந்த வெளியாளும் தனித்து இருக்கக் கூடாது என்ற எளிய விதி அவரைத் தடுக்கும். நல்லவர்களுக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை.

அவசர காலத்தில் இரக்கம் எப்படித் தடம் புரளும் என்பதற்கு ஹெயிட்டி சாட்சி. 2010 ஜனவரி 12-இல் நிலநடுக்கம். அந்த மாதம் முடிவதற்குள் அமெரிக்க பாப்டிஸ்ட் குழுவைச் சேர்ந்த பத்துப் பேர் 33 பிள்ளைகளை டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் பிடிபட்டார்கள். மீட்கப்பட்ட அனாதைகள் என்று சொல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள். படிப்பும் நல்வாழ்வும் கிடைக்கும் என்ற வாக்கை நம்பி அவர்களே ஒப்படைத்திருந்தார்கள். வந்தவர்களும் தாங்கள் மீட்பதாகவே நம்பினார்கள். ஆனால் அழிந்த வீட்டைத் திரும்ப எழுப்பவும் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் என்ன வேண்டும் என்று அந்தத் தாய் தந்தையரிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தப் பயணங்களை ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. போகிறவர் மாறுகிறார், வாழ்நாள் முழுவதும் கொடுப்பார், நாளை முழுநேர மிஷனரியாவார் என்கிறார்கள். அப்படி ஆனவர்கள் உண்டு. ஆனால் கூட்டமாகப் பார்த்தால்? 1998-இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைச் சிதைத்த பிறகு அங்கே வீடு கட்டப் போன வட அமெரிக்கக் குழுக்களை, அந்நாட்டில் வாழ்ந்த கிறிஸ்தவச் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் ஆராய்ந்தார். விமானச் செலவு உட்பட, குழுக்கள் கட்டிய ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் ஆனது. உள்ளூர்க் கிறிஸ்தவ நிறுவனம் அதை 2,000 டாலர் அளவில் கட்டியது. வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்வில் இரு வகைக்கும் இடையே நிலைத்த வேறுபாடு எதுவும் தெரியவில்லை. திரும்பிய குழுவினர் தங்கள் வாழ்க்கை மாறியதாகச் சொன்னார்கள். காணிக்கைப் பதிவேடுகளில் அந்த மாற்றம் சொல்லும்படியாகக் காணப்படவில்லை. பயணத்துக்கு முன்னும் பின்னும் ஒழுங்கான பயிற்சியும், பொறுப்புக் கேட்கும் சிறு குழுவும் இல்லாமல் எந்தப் பயணமும் ஒருவரை மாற்றாது என்பது அவர் முடிவு. போகிறவர் மாறுவதாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு பணக்கார நாட்டு இளைஞரின் ஆத்தும வளர்ச்சிக்கு ஏழைப் பிள்ளையின் மனத்தைப் பயிற்சிக்களமாக்கும் உரிமை நமக்கு யார் தந்தது?

இல்லங்களுக்கு அடுத்தபடி பெரியது விடுமுறை வேதாகமப் பள்ளி. மே மாத வெயிலில் வி.பி.எஸ். பாட்டு பாடி வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவருக்கு அதன் இனிமையை விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய இந்த முறை நம் சபைகளில் வேர் பிடித்ததற்குக் காரணம், அதை நடத்தியவர்கள் நம் தெருவிலேயே இருந்தது. முட்டாயும் கதையும் தந்த அக்கா, மறுவாரம் கோயிலில் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெளிநாட்டுக் குழு நடத்தும் ஐந்து நாள் பள்ளியில் நிறங்களும் பொம்மைகளும் கூடுதலாக இருக்கும். ஆறாம் நாளில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்காது. அதைவிடக் கவலை தருவது, அந்த ஊரின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஆண்டு முழுதும் ஒரே கரும்பலகையோடு நடத்தும் வகுப்பு பிள்ளைகள் கண்ணில் திடீரென மங்கிப்போவது. விருந்தினர் அவரை மொழிபெயர்ப்பாளராக நிறுத்திவிட்டுத் தாங்கள் மேடையில் நின்றால் இழப்பு அவருடையது மட்டுமல்ல.

கடைசி நாளில் 'இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள்' என்றால் கைகள் உயரும். பெரியவர் சொன்னதைச் செய்வதும் விருந்தினரை மகிழ்விப்பதும் மரியாதை என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அடுத்த குழு கேட்டாலும் அதே கைகள் உயரும். நான்கு வயது முதல் பதினான்கு வயதுக்குள்தான் மனிதர் பெரும்பாலும் விசுவாசத்துக்கு வருகிறார்கள் என்று கொண்டு, அந்த வயதினரைக் குறிவைக்கும் மிஷன் சிந்தனை 1990-கள் முதல் பரவியிருக்கிறது. பிள்ளையின் விசுவாசம் உண்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பௌத்தக் குடும்பத்துப் பிள்ளையிடம், அதன் பெற்றோருக்குத் தெரியாமல், உணவும் பரிசும் கையில் வைத்துக்கொண்டு கேட்பது சுவிசேஷத்தின் மேன்மைக்கு அடுக்காது. ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவும் பிள்ளையின் மதச் சுதந்திரத்தையும், அதில் பெற்றோர் வழிகாட்டும் உரிமையையும் சேர்த்தே பேசுகிறது.

விளைவைச் சுமக்கப்போவது யார் என்பதும் கேள்வி. நேபாளத்தில் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சரிகோட் ஊரின் பள்ளிகளில் நடந்த மன ஆறுதல் நிகழ்ச்சியில் இயேசுவைப் பற்றிய படக்கதைப் புத்தகம் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதற்காக 2016-இல் எட்டுக் கிறிஸ்தவர்கள் கைதாகி, மாதக்கணக்கில் வழக்கை எதிர்கொண்டு, ஆண்டின் இறுதியில் விடுதலையானார்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தண்டனைச் சட்டம் மதமாற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறை வைக்கிறது. வெளிநாட்டவர் நாடு கடத்தப்படுவதோடு அவர் கதை முடிந்துவிடும். உள்ளூர்ப் போதகருக்குப் போக வேறு நாடில்லை.

அப்படியானால் யாரும் போகவே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை, சான்றுகளும் அப்படிச் சொல்லவில்லை. குறைந்த நாட்களில் முடிக்கக்கூடிய வேலைகள் உண்டு. 1978-இல் தொடங்கப்பட்ட மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் மருத்துவக் கப்பல் ஓர் ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் சுமார் பத்து மாதம் நிற்கும். அறுவை மருத்துவர் இரண்டு வாரத்துக்கு வருவார். பிளந்த உதட்டோடு வந்த குழந்தையின் முகம் அந்த நாட்களுக்குள் சீராகிவிடும். தேர்ந்த கைக்கு அந்த அவகாசம் போதும். அவர் போன பிறகும் கப்பல் நிற்கிறது. காயத்தைப் பார்க்கச் செவிலியர் இருக்கிறார்கள். உள்ளூர் மருத்துவர்கள் அருகிருந்து கற்கிறார்கள். பிள்ளைக்கு அவர் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. குழந்தை தாயின் மடியிலேயே கண்விழிக்கிறது.

அந்த ஏற்பாட்டை மற்ற ஊழியங்களுக்கும் கொண்டுவரலாம். பேச்சுப் பயிற்சி தெரிந்தவர் போய், செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரலாம். கணக்கர் ஒருவர் உள்ளூர் நிறுவனத்தின் கணக்கை ஒழுங்காக்கலாம். தச்சர் பள்ளிக்கு மேசை செய்யலாம், ஊர்த் தச்சர் மறுத்தால் மட்டும். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகளுக்கு ஒரு வார ஓய்வும் பயிற்சியும் ஏற்பாடு செய்துவிட்டு, பிள்ளைகள் முன் அவர்களையே நிறுத்தலாம். பதினாறு வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போவதானால் ஊழியம் என்று பெயரிடாமல், கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லியே போகலாம். அங்குள்ள சபையின் ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் வயலிலும் கடையிலும் உழைப்பதைப் பார்த்து வருவது கேவலமன்று. அமெரிக்காவில் 2003-இல் வகுக்கப்பட்ட குறுகிய கால மிஷனுக்கான ஏழு தரநெறிகளிலும், வரவேற்கும் சபையோடு சேர்ந்தே திட்டமிடுவது முக்கிய இடம் பெற்றிருக்கிறது. 2009-இல் ஸ்டீவ் கார்பெட்டும் பிரையன் ஃபிக்கெர்ட்டும் உதவியே ஊறாகும் விதத்தைப் பற்றி எழுதிய நூல், இவற்றைச் சபை வட்டாரத்துக்குள்ளேயே பேசுபொருளாக்கியது.

உண்மையிலேயே எவருமற்ற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத் தாயின் இடத்தில் நிற்க ஒருவர் வேண்டும். அதற்கு என்ன விலை என்பதைத் திருநெல்வேலிச் சீமை அறியும். வட அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், தேவதாசிகளாகக் கோயிலுக்கு விடப்படவிருந்த சிறுமிகளுக்கு டோனாவூரில் இடம் தந்தார். பிள்ளைகள் அவரை அம்மா என்றார்கள். தமிழ் கற்றார், சேலை உடுத்தினார், ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் 1951-இல் அங்கேயே மறைந்தார். அவருடைய காலத்து மிஷன் முறைகளில் இன்று நாம் ஏற்காதவை இருக்கலாம். ஆனால் அம்மா என்று அழைக்கப்படுவதை அவர் அரை நூற்றாண்டுக் கடனாக எடுத்துக்கொண்டார். பத்து நாளுக்கு வருகிறவர் பிள்ளையிடம் அந்த இடத்தைக் கேட்கக் கூடாது.

அரசுகளும் அசையத் தொடங்கியுள்ளன. ஆஸ்திரேலிய நாடாளுமன்ற விசாரணை 2017-இல் இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்துப் பேசியது. அடுத்த ஆண்டு அந்நாட்டில் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டமும் வந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, இல்லங்களில் தன்னார்வப் பயணம் தரும் தீங்கைத் தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது. கம்போடியா 2016-இல், மூன்று ஆண்டுக்குள் இல்லங்களிலுள்ள பிள்ளைகளில் 30 விழுக்காட்டினரைக் குடும்பங்களோடு சேர்க்கும் இலக்கை அறிவித்தது. கிறிஸ்தவ இல்லங்களிலும் சில, பகல்நேரப் பாடசாலையாகவும் குடும்ப ஆதரவு மையமாகவும் தங்களை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த மாற்றத்தின்போது வெளிநாட்டுச் சபைகள் செய்யக்கூடிய பெரிய தவறு ஒன்றிருக்கிறது. கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, மனம் கலங்கி, அடுத்த மாதமே இல்லத்துக்கான காணிக்கையை நிறுத்திவிடுவது. அப்போது பிள்ளைகள் தயாரிப்பில்லாமல் பேருந்தில் ஏற்றி அனுப்பப்படுவார்கள், அல்லது வேறொரு இல்லத்துக்குக் கைமாறுவார்கள். ஒரு பிள்ளையை வீடு சேர்ப்பதற்குக் குடும்பத்தைத் தேட வேண்டும். சமூகப் பணியாளர் பலமுறை போய்ப் பேச வேண்டும். பிள்ளை ஏன் பிரிந்தது என்ற காரணம் தீர வேண்டும். பள்ளிச் செலவுக்கு வழி செய்ய வேண்டும். சேர்ந்த பிறகும் ஓரிரு ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். இல்லம் நடத்தும் செலவும் வீடு சேர்க்கும் செலவும் சில காலம் ஒன்றாக ஓடும். அந்த ஆண்டுகளில்தான் பணம் முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். விருந்தினருக்குக் காட்டப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், அறிக்கையில் போடப் புகைப்படமும் இருக்காது. அந்தக் காணிக்கையை நிறுத்தாமல் அனுப்பவும், அந்தச் சமூகப் பணியாளரின் சம்பளத்தை ஏற்கவும் ஒரு சபை முன்வருமானால், அடுத்த கோடைப் பயணத்துக்குச் சேர்த்துவைத்த தொகையிலிருந்தே அதைத் தொடங்கலாம்.